அப்பா பிணமாக நடித்த வெள்ளிக்கிழமை

சீரியல் எடுப்பவனுக்குச் சொந்த வீடு இருக்கக் கூடாது. இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் அதிலேயே ஷூட்டிங் வைத்துவிடுவான். அப்பாவும் பக்கத்திலேயே இருந்துவிட்டால் அவரையும் நடிக்க வைத்துவிடுவான். எனக்கு இரண்டும் இருந்தன. போதாததற்கு, எதை எடுத்தாலும் ரியலிஸ்டிக்காக எடுக்க வேண்டும் என்ற வியாதியும் இருந்தது. மூன்றும் சேர்ந்து என் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தன.

இன்றைக்கு என் விசிட்டிங் கார்டில் கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. கன்னடத்தில் என் சீரியல்கள் சில நன்றாக ஓடின, சில நொண்டின, ஒன்று ஓடியதா என்று எனக்கே சந்தேகம். ஆனால் நான் சொல்லும் காலத்தில் பெங்களூரில் அடுத்தவர்கள் சீரியலுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். மாமியார் மருமகளை முறைத்துவிட்டு என்ன சொல்வாள் என்று யோசிப்பதுதான் உத்தியோகம். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கனவில் எந்த மொழி வருகிறதோ அது. அப்படி இருந்தவனை ஒரு சேனல்காரர் கூப்பிட்டு, "முதல் எபிசோடை நீயே எடுத்துக் காட்டு, பிடித்தால் மேலே பார்க்கலாம்" என்றார். நான் அன்றைக்கே போய் ஒரு கூலிங்கிளாஸ் வாங்கினேன். (தயாரிப்பாளர் ஆகிவிட்டேன் என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் என்னிடம் இல்லை.)

அதே மாதம்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பூர்வீகம் ஹனூர் பக்கம். அங்கே ஒரு கல்யாணத்தில் கொள்ளேகால் மஞ்சள் வியாபாரி ராமசாமி என்பவரைச் சந்தித்திருக்கிறார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேரும் பாயசம் வருவதற்குள் சிநேகிதர்களாகி, கை கழுவுவதற்குள் சம்பந்திகளாகிவிட்டார்கள். ஜாதகமும் பொருந்தியது. பெண் பெயர் கோகிலா. அவர்கள் அனுப்பிய குடும்ப போட்டோவில் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு காப்பியை நான் ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, வசனம் வராதபோதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். சொல்வதற்கென்ன, பார்த்த மாத்திரத்தில் விழுந்துவிட்டேன்.

பெண் வீட்டாருக்கு என் தொழில்தான் பிடிபடவில்லை. "பையன் டிவில வருவாருங்களா?" என்று ராமசாமி போனில் கேட்டார்.

"இல்லீங்க, டிவிக்குப் பின்னாடி இருப்பான்" என்றார் அப்பா.

"அப்ப ரிப்பேர் வேலைங்களா?"

அப்பா பொறுமையாக விளக்கி முடித்ததும், வரும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நான் ஷூட்டிங்கை வெள்ளிக்கிழமைக்கு வைத்தேன். விதவை அம்மாவாக நடிக்க வேண்டிய நடிகைக்கு அந்த ஒரு நாள்தான் கால்ஷீட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் கழுவி மாக்கோலம் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

கதையின் முதல் காட்சியே சாவு. குடும்பத் தலைவர் போய்விடுகிறார்; நடு ஹாலில் கிடத்தியிருக்கிறார்கள்; ஊரே வந்து அழுகிறது. மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீடு பழைய வீடு, ஹால் மட்டும் பெரியது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம அதுவுமா, கல்யாணப் பேச்சு நடக்கற வூட்டுல பொணத்தக் கிடத்தறயா? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அம்மா மட்டும் அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ராமசாமியின் குடும்ப போட்டோவைத் தினமும் எடுத்துப் பார்த்தவள் அவள்தான். நான் அதில் ஒரே ஒரு முகத்தைத்தான் பார்த்திருந்தேன்.

ரியலிசத்துக்கு வருகிறேன். கேமராவைப் பார்த்தால் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் அழுவதை விட்டுவிட்டுத் தலை சீவ ஆரம்பித்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். அதனால் கேமராவே கண்ணில் படக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒன்றைப் படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தேன், இன்னொன்றைப் பரண்மேல் பழைய பாத்திரங்களுக்கு நடுவில். லைட்டுகள் எல்லாம் எதிர்வீட்டு மாடியில். எங்கள் சந்தில் ஆட்டோ நுழைவதே கஷ்டம் என்பதால் ஜெனரேட்டர் வண்டியும் யூனிட் வண்டியும் அந்தக் கோடியில் மெயின் ரோட்டில் நின்றன. "ஆக்‌ஷன்" என்று கத்துவது கிடையாது. எல்லோருடைய போனையும் வாங்கி சைலன்ட்டில் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்துவிட்டேன். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், கட்டை போட்டு மூட்டிய நெருப்பு, சுவரில் சாய்த்து வைத்த பச்சை மூங்கில். தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிணமாக நடிக்க வந்தவர் ஒரு பழைய நாடக நடிகர். மாலை போட்டுப் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே தூங்கிப்போனார். விதவை தலைவிரி கோலமாகக் கதறிக்கொண்டிருக்க, பிணம் குறட்டை விட்டது. எழுப்பினோம். மறுபடி தூங்கினார். மூன்றாவது தடவை வயிறு ஏறி இறங்குவது பரண்மேல் இருந்த கேமராவுக்கே தெரிந்தது. நடிகை கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அப்பா, கொஞ்ச நேரம் அசையாமப் படுத்துக்கணும். அவ்வளவுதான்."

"ரிட்டயர் ஆனதுல இருந்து அதத்தானடா பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார் அப்பா. பனியனைக் கழற்றிவிட்டு உற்சாகமாக வந்து படுத்தார். மூக்கில் பஞ்சு, காதில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய். நான் கட் சொல்லும் வரைக்கும் இமைகூட அசையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

என் உதவி இயக்குநர் மஞ்சு, மண்டியாக்காரன். காதில் சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் ஒருவனாக நின்றான். நான் உள்ளிருந்து சொல்வதை அவன் அங்கே நடத்திவைப்பான். டேக் ஆரம்பமானது. விதவை கதறினாள். மற்றவர்கள் சம்பளத்துக்கு அழும் அழுகையை அழுதார்கள். மனசு ஒப்பவில்லை. அப்போதுதான் வாசல் வழியாக அந்த ஆள் வந்தார்.

வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு, கையில் ரோஜா மாலை. நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பிணத்தைப் பார்த்தார். முகம் அப்படியே இடிந்துபோனது. என்ன ஆர்ட்டிஸ்ட்! சீட்டை விட்டு எழுந்துவிட்டேன்.

"மஞ்சு, அந்த வெள்ளைச் சட்டையைக் கிட்டக் கூட்டிக்கொண்டு போ" என்று மைக்கில் கிசுகிசுத்தேன்.

மஞ்சு போய் அவர் முழங்கையைப் பிடித்து, "பன்னி யஜமான்ரே" என்று, வாங்க ஐயா என்பதைக் கன்னடத்தில் மரியாதையாகச் சொல்லி, அழைத்துக்கொண்டு போனான். அவர் மாலையைப் போட்டார். "காலைத் தொடச் சொல்" என்றேன். நான் சொல்வதற்கு முன்னாலேயே தொட்டார். தொட்டவர் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். வாய் ஏதோ சொன்னது. விதவையின் ஓலத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. தமிழ் மாதிரி இருந்தது. பரவாயில்லை, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசியில் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதைப் பார்த்து மற்ற ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளும் நிஜமாக அழ ஆரம்பித்துவிட்டார்கள். மானிட்டருக்கு முன்னால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டுத்தான்.)

கட் சொல்லாமல் விட்டுக்கொண்டே இருந்தேன். அவர் மெதுவாக எழுந்து, பிணத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்தார். அவர் நிலைப்படியைத் தாண்டியதும் கட் சொன்னேன். கைத்தட்டல் அடங்குவதற்கே நேரமானது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செத்த ஷாட் எடுத்தால், உடனே அந்த நடிகரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்போம். எங்கும் காட்டுவதற்கில்லை, தோஷம் கழிவதற்கு. அப்பாவும் எழுந்து உட்கார்ந்து, மூக்கில் பஞ்சோடு பல்வரிசை தெரியச் சிரித்தார். "நடுவுல காலு மேல சூடா என்னமோ சொட்டிச்சு. காபி கொட்டிட்டானுகளா?" என்று கேட்டார். பஞ்சு வைத்த காதில் அவருக்கும் எதுவும் விழவில்லை.

அடுத்து அதே காட்சியின் க்ளோசப். வெள்ளைச் சட்டையைத் தேடினோம். காணோம். டீக்கடையில் இல்லை, மெயின் ரோட்டில் இல்லை, யூனிட் வண்டியில் இல்லை. ஆள் அனுப்பும் ஏஜென்டைப் பிடித்து வறுத்தெடுத்தேன். மஞ்சு தயங்கித் தயங்கி வந்தான்.

"சார், அந்த யஜமான்ரு நம்ம ஆளே அல்லவாம் சார். ஏஜென்ட் சத்தியம் பண்றார்."

"அப்புறம் யார்? அழகா வந்து அழுதுட்டு, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே!"

சொல்லாமல் போனார் என்ற அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நம்மில் துக்க வீட்டுக்குப் போனவர்கள் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்ல மாட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதான் முறை. நடிக்க வந்தவன் என்றால் "சார், சாப்பாடு எங்கே?" என்று கேட்டிருப்பான். எனக்கோ கன்டின்யூட்டி கெட்டுப்போன கவலை. பச்சைத் துண்டு போர்த்திய வேறு ஒருவரை முதுகைக் காட்டி நிற்க வைத்துச் சமாளித்தேன்.

சாயங்காலம் பக்கெட்டிலிருந்து அப்பா தன் போனை எடுத்தார். ஹனூர் சொந்தக்காரர்களிடமிருந்து ஏகப்பட்ட மிஸ்டு கால். "பொண்ணு வூட்டு விஷயமாத்தான் இருக்கும்" என்று சொல்லி, முதலில் கொள்ளேகாலுக்கே போட்டார்.

"ஏனுங்க, நான் மைசூர் பழனிசாமி பேசறனுங்க. ஞாயித்துக்கெழம வர்றீங்கல்ல? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் ஏதோ விழும் சத்தம். அதற்குப் பிறகு ஒரு பெண்மணி வீறிட்டு அலறும் சத்தம். லைன் கட்டாகிவிட்டது.

"சிக்னல் சரியில்ல" என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி போட்டார். ரொம்ப நேரம் அடித்த பிறகு ஒரு இளம் குரல் எடுத்தது.

"யாருங்க?"

"பழனிசாமிம்மா."

"எங்கிருந்துங்க பேசறீங்க?"

"வூட்டுல இருந்துதாம்மா."

"எந்த வூட்டுல இருந்துங்க?"

அப்பா குழம்பிப்போய் போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தக் குரல் நடுங்காமல் நிதானமாகச் சொன்னது: "எங்கப்பா இன்னைக்கு மைசூரு மஞ்ச மண்டிக்கு வந்தவரு, அப்படியே உங்க வூட்டப் பாத்துப்போட்டு வரலாம்னு வந்தாருங்க. உங்களப் பாத்துப்போட்டு வந்து தலைக்குத் தண்ணி வாத்துட்டுச் சோறு திங்காம உக்காந்திருக்காருங்க. நீங்க நெசமாலுமே பேசறீங்கன்னா ஒருக்கா இருமுங்க."

அப்பா இருமினார். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அந்த ஷாட்டைப் போட்டேன். அப்பா பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டேய், இது சம்பந்திடா."

சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தால்தான் மாப்பிள்ளை வீட்டு லட்சணம் தெரியும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் இப்படி ஒரு நடை வருவது எங்கள் பக்கத்தில் சகஜம். தெருமுனைக் கடையில் நாலு வார்த்தை விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்த மனிதர், வாசலில் நெருப்பைப் பார்த்ததும் பூக்கடைக்கு ஓடியிருக்கிறார். அவர் அழுத அழுகையை நான் மைக் பிடித்து இயக்கியிருக்கிறேன்.

கோகிலாதான் மீதியையும் சொன்னாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் இல்லை. பெண்ணை எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பது? சாமராஜநகரில் அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பையன் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தான். மத்தியானமே அவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. சீரியல் போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். ஒருக்கா இருமச் சொன்ன பெண்ணை நான் எங்கே போய்த் தேடுவது?

சனிக்கிழமை காலையில் அப்பாவை ஆதாரமாகக் கூட்டிக்கொண்டு கொள்ளேகால் பஸ் ஏறினேன். சித்தி வீட்டிலிருந்து அம்மா போனில் சொன்ன ஒரே வார்த்தை, "நல்லா வேணும்."

ராமசாமி வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அப்பா உள்ளே நுழைந்ததும் ஒரு அத்தை விபூதியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ராமசாமி எழுந்து வந்து அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்ததும் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது.

"நீங்க உசுரோட இருக்கறது சந்தோசமுங்க. ஆனா கல்யாணப் பேச்சு நடக்கறப்ப பொணமாட்டப் படுத்துக்கற வூட்டுல என்ற பொண்ணக் குடுக்க முடியாதுங்க. நான் அத்தன பேருத்துக்கு முன்னாடி எப்பிடி அழுதேன்! அல்லாரும் எந்நேரமும் சிரிப்பாங்களே!"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் காலில் விழுந்திருப்பான். நான் வாயைத் திறந்தேன். "அப்படிச் சொல்லாதீங்க மாமா. எபிசோடுலயே நீங்க அழுததுதான் பெஸ்ட் ஷாட்."

அப்பா என் தொடையைக் கிள்ளினார். உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு அந்தக் குரல்: "அப்பா, அதத்தான் ஒருக்கா போடச் சொல்லுங்களேன். பாக்கலாம்."

லேப்டாப்பை ஸ்டூல்மேல் வைத்துப் போட்டேன். ராமசாமி முன்னால் உட்கார்ந்தார். தான் நிலைப்படியில் நிற்பதைப் பார்த்தார். மாலை போடுவதைப் பார்த்தார். காலைப் பிடித்து அழுவதைப் பார்த்தார். முடிந்த பிறகும் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் மனசுக்குள் சாமராஜநகர்ப் பையனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டேன்.

"இன்னொருக்கா போடுங்க" என்றார் ராமசாமி.

போட்டேன். மூன்றாவது தடவை போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நாலாவது தடவை ஸ்கிரீனில் விரலை வைத்துக் குறை சொன்னார்.

"இந்த எடத்துல பாருங்க, நல்லா அழுகறப்பத் துண்டு மூஞ்சிய மறச்சுப்போட்டுது. நீங்க சொல்லியிருக்கலாமுங்களே."

வீடியோ தானாக அடுத்ததுக்குத் தாவியது. அப்பா எழுந்து உட்கார்ந்து, மூக்கில் பஞ்சோடு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ராமசாமி முதலில் திடுக்கிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். அது எதற்காக எடுப்பது என்று விளக்கினேன்.

"தோசம் கழிஞ்சுதுங்களா?"

"கழிஞ்சதுங்க மாமா. அன்னைக்கே கழிச்சுட்டோம்."

அவர் அங்கேயே சாமராஜநகருக்குப் போன் போட்டார். "நாளைக்கு வர வேண்டாமுங்க. செத்துப்போன சம்பந்தி வந்துட்டாருங்க. இங்கதான் உக்காந்து காபி குடிச்சிட்டிருக்காரு" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து அதற்கப்புறம் அவர்கள் இன்றுவரை பேசியதில்லை.

சீரியலைச் சேனல் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அது சீக்கிரமே நின்றுபோனது வேறு கதை, கல்யாணம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான் எடுத்த எல்லா சீரியலிலும் ஏதாவது ஒரு சாவு இருக்கும், கூட்டத்தில் பச்சைத் துண்டோடு என் மாமனார் இருப்பார். ஒரு தடவை கல்யாணக் காட்சியில் நிறுத்திப் பார்த்தேன். விறைத்துப்போய் நின்றவர், சிரிக்கச் சொன்னதற்கு அழுதுவிட்டார். சாவைத் தவிர வேறு எதற்கும் அவரைக் கூப்பிடுவதில்லை.

அப்பாவின் அந்தச் சிரிப்பு ஷாட் எங்கும் ஒளிபரப்பாகவில்லை. ஆனால் குடும்பத்தில் அதுதான் நிலைத்தது. யாருக்குக் காய்ச்சல் வந்து குணமானாலும், குழந்தை கீழே விழுந்து எழுந்தாலும், போனைப் பார்த்து ஒரு தடவை சிரித்து, கொள்ளேகாலுக்கு அனுப்பியாக வேண்டும். என் மூத்த பெண் பரீட்சையில் ஃபெயிலான அன்றைக்கும் அனுப்பினாள்.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாமனாருக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை. வார்டுக்கு மாற்றிய பிறகு கோகிலா வீடியோ கால் போட்டுக் கொடுத்தாள். மாமனார், பல்செட் இல்லாமல் மூக்கில் குழாயோடு படுத்திருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"சம்பந்தி, கேமராவப் பாத்து ஒருக்கா சிரிங்க" என்றார்.

அப்பா கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பொக்கை வாயைத் திறந்து, நன்றாகவே சிரித்தார். அந்தப் பக்கம் மாமனார் பச்சைத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோகிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை வாங்கினாள்.

"அப்பா, துண்ட எடுங்க. மூஞ்சிய மறைக்குது."